உள்வாங்கிய ஜன்னலும் கிழக்கு மழையும்: கோத்தகிரியில் ஒரு வீட்டு விரிவாக்கத்தின் நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்கு அருகே பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் நிற்கும் வீடு அது. பழைய பகுதிக்குக் கருங்கல் சுவர், தகரக் கூரை. அதன் கிழக்குப் பக்கம் புதிதாக ஓர் அறை சேர்த்திருந்தார்கள். அந்த அறையின் ஜன்னல்கள் ஒழுகியதால் அதைச் சரிசெய்யத்தான் நாங்கள் போனோம். சரிவில் தூண் எழுப்பி, கான்கிரீட் தளம் போட்டு, 8 அங்குல சாலிட் பிளாக் சுவர் வைத்து, மேலே மொட்டை மாடி. நீலகிரியில் கட்டடங்களுக்கு 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பதால் மாடிமேல் மாடி எழுப்ப வழியில்லை. இடம் போதாதவர்கள் பக்கவாட்டில்தான் வீட்டை நீட்டுகிறார்கள். அப்படி நீட்டும்போது பெரும்பாலும் சரிவின் விளிம்புக்குத்தான் போய் நிற்கிறோம். காற்றும் மழையும் தடையில்லாமல் வந்து மோதுவதும் அங்கேதான்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் டீச்சர், எங்களுக்கும் அப்படியே. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கன்னேரிமுக்கில் பங்களா கட்டிய பிறகு இந்த மலை முழுக்க எழுந்த கல் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர். அந்த வீடுகளில் சுவர் கனமானது. ஜன்னல் அந்தக் கனத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும். புது அறைக்கும் அப்படியே வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வெளியே ஜன்னலடியில் ஒரு திட்டு இருக்க வேண்டும், அதில் ஜெரேனியம் தொட்டி வைக்க வேண்டும். நியாயமான ஆசை. உள்வாங்கிய ஜன்னலுக்கு உச்சி வெயிலும் தூறலும் நேராகப் படாது; கண்ணாடியும் ரப்பரும் கூடுதல் காலம் உழைக்கும்.

பழைய வீடுகளில் ஜன்னல் நனையாமல் இருந்ததற்குச் சுவரின் கனம் மட்டும் காரணமல்ல. தகரக் கூரை சுவரைத் தாண்டி இரண்டடிக்கு மேல் நீண்டிருக்கும். ஜன்னலடியில் ஒரே துண்டுக் கல், வெளிப்பக்கம் நன்றாகச் சரிந்து, சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புக் கலவை ஈரத்தை வாங்கினாலும் வெயில் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். புது அறையில் இவை எதுவும் இல்லை. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் நேராக வெளிச்சுவரில் இறங்குகிறது. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடும் வைக்கவில்லை. ‘ஜன்னல்தான் உள்ளே இருக்கிறதே, சன்ஷேடு எதற்கு’ என்று அப்போதைய ஒப்பந்ததாரர் சொன்னாராம். பழைய வீட்டிலிருந்து ஜன்னலின் தோற்றம் மட்டும் வந்தது, அதைக் காத்த மற்ற ஏற்பாடுகள் வரவில்லை.

முறையீடு

கிழக்குச் சுவரில் நான்கடிக்கு நான்கடி அளவில் இரண்டு ஜன்னல்கள், வடக்குச் சுவரில் ஒன்று. மூன்றும் யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தவை, பக்கவாட்டில் தள்ளித் திறப்பவை. சுவரின் வெளிமுகத்திலிருந்து 125 மி.மீ. உள்ளே தள்ளிச் சட்டத்தை நிறுத்தியிருந்தார்கள்.

கட்டி முடித்த பிறகு வந்த முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே கிழக்கு ஜன்னல் இரண்டுக்கும் கீழே உள்பூச்சு உப்பியது. பட்டி உதிர்ந்தது. தரையில் தண்ணீர் நின்றது. சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கான் அடித்தார்கள். அடுத்த மழையில் அதிகமாக வந்தது. மறுபடியும், முன்னைவிடத் தடிமனாகச் சிலிக்கான் அடித்தார்கள். அதற்கும் அடுத்த மழையில், ஜன்னல் கதவு ஓடும் தண்டவாளத்திலிருந்தே தண்ணீர் அறைக்குள் வழிந்தது. வடக்கு ஜன்னலில் மழையே இல்லாத நாளிலும் காலையில் ஈரம், மூலையில் கறுப்புப் பூஞ்சை.

ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் கசிவு கூடுகிறது என்பதுதான் என் கவனத்தை இழுத்தது. அடைத்தும் கூடுகிறதென்றால் அடைபட்டது தண்ணீர் வெளியேறும் வழியாக இருக்க வேண்டும்.

மழையின் திசையையும் இங்கே சொல்ல வேண்டும். தேவாலா, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவில் இருப்பதால் இங்கே பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்த ஊரில் கிழக்குச் சுவர்தான் மழைச் சுவர். அதோடு, பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் காற்று விளிம்பில் நிற்கும் சுவரில் மோதும்போது மேல்நோக்கித் திரும்புகிறது. மழைத்துளியும் அதோடு சேர்ந்து கீழிருந்து மேலே போகும். சமவெளியில் வேலை பார்த்துப் பழகியவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். மேலிருந்து விழும் மழைக்கு மட்டும் தடுப்பு வைத்தால் விளிம்பு வீட்டுக்குப் போதாது.

தண்ணீர்ச் சோதனை

மழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிப்ரவரியில் சோதனை செய்தோம். ஈரமான சுவரில் செய்யும் சோதனை எதையும் காட்டாது. முறை எளிது. ஜன்னலின் மேற்பகுதியையும் பக்கங்களையும் பாலித்தீன் தாளால் மூடி டேப் ஒட்டிவிட்டு, கீழ்த்திட்டில் மட்டும் ஹோஸ் பிடிக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்து, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்க வேண்டும். பிறகு தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கவாட்டு இணைப்பு, கடைசியாக மேல்பகுதி. எப்போதும் கீழிருந்து மேலேதான் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எந்த இடத்தில் நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் கிழக்கு ஜன்னலின் திட்டில் தண்ணீர் விட்டதும், அது வெளியே ஓடாமல் சட்டத்தை நோக்கி ஓடியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, உள்பக்கமாக இருந்தது. தொட்டிகள் வைத்திருந்த இடத்தில் பள்ளம் வேறு. கால் மணி நேரம் ஆகும் முன்பே உள்ளே இடது மூலையில் ஈரம் தெரிந்தது.

அடுத்து தண்டவாளத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினோம். அப்படியே நின்றது. தள்ளு ஜன்னலின் தண்டவாளத்தில் மழைத்தண்ணீர் விழுவது இயல்பு. அது வெளியேற வேண்டும் என்பதற்காகவே சட்டத்தின் வெளிமுகத்தில் வடிகால் துளைகள் வைத்து அனுப்புகிறார்கள். இந்த ஜன்னல்களில் அந்தத் துளைகளில் பாதியைக் கட்டும்போதே பூச்சு மூடிவிட்டது. மீதியை மழைக்குப் பிறகு அடித்த சிலிக்கான் மூடிவிட்டது. கசிவு கூடியதற்குக் காரணம் அதுதான்.

மேல்பகுதியில் வழக்கம்போல் தண்ணீர் விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. ஹோஸைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்தபோது, லிண்டலின் (ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரத்தின்) அடிப்பக்கம் நனைந்து, தண்ணீர் அந்த அடிப்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு உள்பக்கம் நகர்ந்து சட்டத்தின் தலையில் சேர்ந்தது. அதை வழியில் முறிக்க ஒரு பள்ளமோ விளிம்போ அங்கே இல்லை.

இரண்டாவது கிழக்கு ஜன்னலில் இதே குறைகளோடு வேறொன்றும் இருந்தது. எந்தச் சோதனைக்கும் நனையாத அதன் வலது மேல்மூலை, பழைய கல் சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டில் தண்ணீர் விட்டபோது நனைந்தது. அந்த இணைப்பில் தலைமுடி கனத்துக்கு விரிசல். அதற்குள் இறங்கிய தண்ணீர் பிளாக் இடுக்கு வழியாக நகர்ந்து ஜன்னல் மூலையில் வெளிவந்திருக்கிறது. ஜன்னலை மட்டும் மாற்றியிருந்தால் புது ஜன்னலும் ஒழுகியிருக்கும்.

பிரித்தபோது

கதவுகளை எடுத்து, பக்கச் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, சிலிக்கானைக் கத்தியால் அறுத்துச் சட்டத்தை முழுதாக வெளியே எடுத்தோம். அடியில் சிமென்ட் கலவையை இறுக்கி அடைத்திருந்தார்கள். யுபிவிசி வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும். நான்கடிச் சட்டம், விடியலுக்கும் வெயிலுக்கும் இடையே 25 டிகிரி மாறினால் சுமார் 2 மி.மீ. நீளும். இறுகிய கலவைக்கு அந்த அசைவைத் தாங்கத் தெரியாது. விலகி விரிசல் விட்டிருந்தது. பக்கங்களில் பியு ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) மட்டும். ஃபோம் இடைவெளியை நிரப்பும், குளிரைத் தடுக்கும். மழையைத் தடுப்பது அதன் வேலையல்ல. வெளிச்சம் பட்ட இடத்தில் அது பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தது, பிழிந்தால் ஈரம் கசிந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், சட்டத்துக்கு அடியில் நீர்த்தடுப்பு என்று எதுவுமே இல்லை. வெறும் பிளாக், அதன்மேல் கலவை.

நான் உறுதியாக நம்புவது இது: உள்வாங்கிய ஜன்னலின் திட்டு ஒரு குட்டிக் கூரை. கூரைக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் அந்த 125 மி.மீ. அகலத்துக்கும் செய்தாக வேண்டும். வாட்டம் வேண்டும், பின்னாலும் பக்கங்களிலும் ஏறிய விளிம்பு வேண்டும், தண்ணீர் துளியாக முறிந்து விழ ஒரு முனை வேண்டும். இவற்றைச் சட்டம் நிற்கும் முன்பே செய்ய வேண்டும். நின்ற பிறகு எந்தச் சிலிக்கானாலும் இதை ஈடுகட்ட முடியாது.

திரும்பக் கட்டியது

திட்டைப் பிளாக் தெரியும்வரை கொத்தி எடுத்து, எட்டுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் புதுக் கலவை போட்டோம். 125 மி.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ 16 மி.மீ. இறக்கம். சட்டம் உட்காரும் இடம் மட்டும் மட்டமாக, அதற்குப் பின்னால் அறைப்பக்கம் 40 மி.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு. அந்த உயரத்துக்குக் கணக்கு உண்டு. மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று மோதினால், இந்த மலை உயரத்தின் அடர்த்தி குறைந்த காற்றிலும் சதுர மீட்டருக்குச் சுமார் 200 நியூட்டன் அழுத்தம் வரும். அது ஏறக்குறைய 20 மி.மீ. தண்ணீரைத் தூக்கி நிறுத்தும். தடுப்பு அதைவிடத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் காற்றின் பலத்தில் ஏறித் தாண்டிவிடும். இரு மடங்கு வைத்தால் மனது நிம்மதி. தண்டவாளத்தின் உள்விளிம்பையும் அளந்தோம், 35 மி.மீ. இருந்தது. அதனால்தான் பழைய சட்டங்களையே திரும்பப் போட ஒப்புக்கொண்டேன். புதிதாக வாங்குபவர்கள் மழைச் சுவரில் தள்ளு ஜன்னலைத் தவிர்ப்பது நல்லது. ரப்பரில் அழுந்தி மூடும் கதவு ஜன்னல் காற்றுக்கு நன்றாகவே தாங்கும்.

கலவை காய்ந்த பிறகு இரண்டு பாக நீர்த்தடுப்புப் பூச்சு, மூலைகளில் ஃபைபர் மெஷ் பதித்து, இரண்டு கோட். திட்டு முழுவதும், பின்தடுப்பின் மேலும், பக்கச் சுவர்களில் 150 மி.மீ. உயரத்துக்கும் ஏற்றினோம். இந்த மலையில் அவசரப்படவே கூடாத கட்டம் இது. மூடுபனி நாளில் முதல் கோட் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. மேஸ்திரி அடுத்த கோட்டுக்குப் பொறுமையாகக் காத்திருந்தார். இந்த வேலையின் வெற்றியில் பாதி அவருடைய அந்தப் பொறுமை.

சட்டத்தைப் பிளாஸ்டிக் துண்டுகள் மேல் உட்காரவைத்து, சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விட்டோம். திருகுகள் பக்கங்களிலும் மேலேயும் மட்டும். மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி, பிறகு 600 மி.மீ. இடைவெளிக்குள். அடியில் ஒரு திருகுகூடப் போடவில்லை. இவ்வளவு பாடுபட்டுப் போட்ட நீர்த்தடுப்பை நாமே துளைக்க வேண்டியதில்லை. பக்க இடைவெளியில் ஃபோம் கயிற்றைச் செருகி, அதன்மேல் நியூட்ரல் சிலிக்கான், அகலத்தில் பாதி ஆழத்துக்கு. கயிறு இருப்பதால் சிலிக்கான் இரு பக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு இழுபடும். பின்னாலும் ஒட்டிக்கொண்டால் கிழியும். வினிகர் வாசம் அடிக்கும் மலிவான சிலிக்கானை இங்கே வாங்காதீர்கள். சிமென்ட் பரப்பில் அது நீடித்து ஒட்டாது.

சட்டத்தின் வெளிப்பக்க அடி இணைப்புக்கு வந்தபோது பேச்சு எழுந்தது.

“கீழ மட்டும் கம் அடிக்காம விடச் சொல்றீங்களே சார், அங்கதானே தண்ணி நிக்கும்?” என்றார் மேஸ்திரி.

“நிக்காதுங்க மேஸ்திரி, வாட்டம் இருக்கு. எப்படியாவது உள்ள போற தண்ணி வெளிய வர அந்த ஒரு வழிதான்.”

டீச்சருக்கும் தயக்கம். “இத்தனை நாளா அடைச்சு அடைச்சுப் பார்த்தோம். இப்ப திறந்து விடறதுன்னா மனசு ஒப்ப மாட்டேங்குது தம்பி.”

வேறு வழியில்லாமல், கல் பதிக்கும் முன்பே இரண்டு குடம் தண்ணீரை நீர்த்தடுப்பின் மேல் ஊற்றிக் காட்டினேன். அடி இடைவெளி வழியாகச் சட்டத்துக்கு அடியில் போனதெல்லாம் பின்தடுப்பில் மோதித் திரும்பி அதே இடைவெளியில் வெளியே வந்தது. உள்ளே வைத்த செய்தித்தாள் நனையவில்லை. அதன்பிறகு டீச்சர் எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரி வடிகால் துளைகளைத் தானே கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார்.

திட்டின் மேல் கிரானைட் பலகை, அதே வாட்டத்தில். சட்டத்துக்கு அடியில் கொஞ்சம் நுழைந்து, வெளியே 50 மி.மீ. நீட்டி, விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே அடிப்பக்கம் தண்ணீரை முறிக்க ஒரு குரூவ் (பள்ளக்கோடு). பலகையின் பின்விளிம்பு வடிகால் துளைகளுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். லிண்டலின் அடியிலும் குரூவ் வெட்டிவிடலாம் என்று மேஸ்திரி மெஷினை எடுத்தார், நிறுத்தினேன். அங்கே கம்பிக்குக் கீழே கான்கிரீட் கனம் ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். வெட்டினால் கம்பிக்கு ஈரம் போகும், துருப்பிடித்து லிண்டலே பிளக்கும். அதற்குப் பதிலாக அலுமினிய எல்-பட்டையை வெளிவிளிம்பில் 10 மி.மீ. கீழே தொங்கும்படி பொருத்திச் சீல் செய்தோம். கூடவே ஒன்றரையடி சன்ஷேடு. கிழக்குச் சுவருக்கு அது முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசுவது வீண். கல் சுவர் பல பத்தாண்டுகளாக அமர்ந்துவிட்டது. புதுத் தூண்கள் இன்னும் அமர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கோட்டை 12 மி.மீ. அகலத்துக்கு வெட்டித் திறந்து, ஃபோம் கயிறும் பாலியூரித்தேன் சீலன்டும் வைத்து, மேலே அலுமினியப் பட்டை போட்டோம். பட்டைக்குத் திருகு ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் அசைய விட்டோம். மொட்டை மாடி பழைய சுவரைத் தொடும் இடத்திலும் தகட்டை மடித்து ஏற்றினோம்.

வடக்கு ஜன்னல்

அங்கே சோதனையில் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அந்த ஈரம் மழையல்ல, அறையின் மூச்சு. அறை 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், பரப்பு ஏதாவது 14 அல்லது 14.5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் போதும், அதில் பனித்துளி பூக்கும். வெளியே 8 டிகிரி இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 11 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடும். வெயிலே படாத வடக்குச் சுவர் வேறு. பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டாம். அறையிலேயே துணி காயப்போடுவதை நிறுத்தச் சொன்னோம், மேல்பகுதியில் ஒரு சிறிய காற்றுத்துளை வைத்தோம். ஈரம் பெருமளவு குறைந்தது. இரட்டைக் கண்ணாடி போட்டால் உள்முகம் 14 டிகிரியை ஒட்டி வரும், ஆனால் காற்றோட்டம் இல்லாமல் அதுவும் முழுத் தீர்வாகாது.

காற்றுத்துளைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை டீச்சரிடம் அழுத்திச் சொன்னேன். டிசம்பர், ஜனவரி குளிரில் அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. ஒழுகும் ஜன்னல் வழியே காற்றும் வந்து போய்க்கொண்டிருந்தது. மழைக்காக எல்லா இடுக்கையும் அடைத்த அறையில் கரி புகைந்தால், நிறமும் வாசமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தேங்கித் தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். ஜன்னலை இறுக்கமாக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லியாக வேண்டும்: அந்த அறையில் கரி அடுப்பு கூடவே கூடாது.

அடுத்த மழைக்குப் பிறகு

அக்டோபரில் மழை தொடங்கியதும் போய்ப் பார்த்தேன். கிழக்கு ஜன்னல் இரண்டின் உள்பூச்சும் காய்ந்திருந்தது. தண்டவாளத்தில் விழுந்த தண்ணீர் துளைகள் வழியே பலகைக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது. முதல் ஜன்னலின் பலகைக்கு அடியில், வெளிச்சுவரில் மட்டும், இடது ஓரமாக ஒரு கறை. அந்தப் பலகையின் குரூவைக் கடைக்காரர் ஓரம்வரை வெட்டாமல் இரண்டு அங்குலம் முன்பே நிறுத்தியிருந்தார். அந்த இரண்டு அங்குலத்தில் தண்ணீர் சுவருக்குத் திரும்பியிருக்கிறது. சின்ன அலுமினியத் துண்டை ஒட்டிச் சரிசெய்தோம்.

தொட்டிகள் திரும்ப வந்துவிட்டன, இம்முறை கம்பித் தாங்கியில், பலகையைத் தொடாமல் இரண்டு அங்குலம் உயர்ந்து. வீட்டைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள் இருப்பதால் சருகும் பாசியும் துளைகளில் சேரும். ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் துளைகளைக் கம்பியால் குத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது வெளியே வருகிறதா என்று பார்க்கும்படி டீச்சரிடம் சொல்லியிருக்கிறோம். பக்கச் சிலிக்கானைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்து, ஓரம் விட்டிருந்தால் அறுத்தெடுத்துப் புதிதாக அடிக்க வேண்டும். பழையதன் மேல் புதியது ஒட்டாது.